மலைக்குத் திரும்பும் படிப்பு



மலைப்பள்ளி ஒன்றில் பணிக்காலம் முழுவதையும் கழித்த ஓர் ஆசிரியரின் நினைவாக இந்த அறக்கட்டளை நடத்தும் பொழிவு இது. ஒன்றாம் வகுப்பில் சேரும் பழங்குடிப் பிள்ளை அதன்பிறகு எங்கே போகிறது என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தக் கேள்வியைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பழங்குடியினர் 7,94,697 பேர். மாநிலத்தில் நூற்றுக்கு எண்பது பேர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களாக இருந்தபோது, அவர்களில் ஐம்பத்து நான்கு பேருக்குத்தான் அது வாய்த்திருந்தது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று மிகவும் நலிவுற்றவையாக அரசு வகைப்படுத்திய ஆறு இனங்களும் வாழும் மாவட்டம் நீலகிரி. ஆகவே நீலகிரியை வைத்தே பேசுகிறேன்.

எங்கெங்கே அறுகிறது

படிப்பின் முதல் முறிவு மொழியில் நேர்கிறது. பணியர் வீட்டில் பேசும் பேச்சு வேறு, பாடநூலின் தமிழ் வேறு. புரியாமல் உட்கார்ந்திருக்கும் குழந்தையை மந்தம் என்று எழுதிவிடுகிறோம். ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் அடுத்த முறிவு. மேல்வகுப்புப் பள்ளி தொலைவில் இருக்கிறது. போகும் வழியில் யானை நடமாட்டம். உண்டு உறைவிடப் பள்ளியில் சோறும் இடமும் கிடைக்கும். ஆனால் பாட்டியின் பக்கத்தில் படுத்துப் பழகிய பிள்ளைக்கு, திருவிழாவுக்கு ஊர் வந்தால் திரும்பப் போக மனம் வருவதில்லை. காப்பிப் பறிப்புக் காலத்தில் நாள்கூலியும் அழைக்கிறது.

இத்தனையும் தாண்டிப் பன்னிரண்டாம் வகுப்பை முடித்த ஒரு மாணவியை எனக்குத் தெரியும். கல்லூரியில் சேரச் சாதிச் சான்றிதழ் வேண்டும். பழங்குடியினருக்கு அதைக் கோட்டாட்சியர்தான் தர முடியும். தந்தையின் சான்றிதழைக் கொண்டுவரச் சொன்னார்கள். பள்ளி வாசலையே மிதிக்காத தந்தையிடம் சான்றிதழ் எப்படி இருக்கும்? விசாரணை முடிந்து காகிதம் கைக்கு வந்தபோது சேர்க்கை முடிந்துவிட்டது. அடுத்த முறை நான் போனபோது அவள் தோட்டத்தில் மிளகு பறித்துக்கொண்டிருந்தாள். அறிவிலோ ஆர்வத்திலோ அவளிடம் குறை இல்லை. அலுவலகப் படிகளில் அவளுடன் ஏறி இறங்க ஓர் ஆள் இல்லை, அவ்வளவுதான்.

கூடலூர் காட்டிய வழி

கூடலூரில் 1980களில் ஆதிவாசி மக்கள் நில உரிமைக்காகத் திரண்டு, ஆதிவாசி முன்னேற்றச் சங்கத்தைக் கட்டினார்கள். அந்த இயக்கத்தோடு வளர்ந்த அஸ்வினி அமைப்பு 1990இல் கூடலூரில் ஆதிவாசி மருத்துவமனையைத் திறந்தது. செவிலியரை வெளியூரிலிருந்து வரவழைப்பதை விட்டு, ஆதிவாசிக் காலனிகளின் பெண்பிள்ளைகளையே அழைத்துப் பயிற்சி தந்தார்கள். நாடி பார்ப்பது, ஊசி போடுவது, பிரசவம் பார்ப்பது என ஒவ்வொன்றாகக் கற்று அவர்கள் செவிலியரானார்கள். மருத்துவமனை என்றாலே அஞ்சிய மக்கள், தம் மொழி பேசும் பெண் வார்டில் நிற்பதைக் கண்டு உள்ளே வந்தார்கள்.

அதே ஊரின் வித்யோதயா பள்ளியில் ஆதிவாசி ஆசிரியர்கள் பாடம் நடத்துகிறார்கள். வீட்டுப் பேச்சைப் புரிந்துகொள்ளும் ஆசிரியர் முன்னால் குழந்தை வாய் திறக்கிறது.

இதிலிருந்து நான் கற்றது ஒன்று. படிப்பை முதல் வகுப்பிலிருந்து மட்டும் பார்க்காமல், அது போய்ச் சேரும் வேலையிலிருந்தும் பார்க்கவேண்டும். தன் காலனி அக்கா செவிலியர் உடையில் போவதைத் தினமும் பார்க்கும் சிறுமிக்கு, எதற்குப் படிக்கவேண்டும் என்று யாரும் விளக்கவேண்டியதில்லை. அவளுடைய அம்மாவும் அவளைப் பறிப்புக்கு அழைக்கத் தயங்குவாள்.

மலையின் அறிவுக்கு மதிப்பு

உள்ளூர் வேலை என்றதும் கடைநிலைக் காவலர் பணியோடு நின்றுவிடுகிறோம். சமவெளியிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு: செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்குகிறது. பாம்புக்கடி மருந்து செய்யத் தேவையான நஞ்சை எடுத்துத் தருபவை அவர்கள் கைகள். அந்த இருளர்களில் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். பாட்டன் வழி அறிவுக்குக் கூலியும் மரியாதையும் சேர்ந்து கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது சான்று.

அந்த அறிவோடு பட்டமும் சேரட்டும். முதுமலை தெப்பக்காடு முகாமில் தலைமுறை தலைமுறையாக யானை வளர்ப்பவர்களின் பேரப்பிள்ளை அதே முகாமின் கால்நடை மருத்துவராக ஏன் வரக்கூடாது? கூடலூரில் அரசு கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது. உதகையில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. கட்டடங்கள் மலைக்கு வந்துவிட்டன. மலையின் பிள்ளைகள் அவற்றின் வாசலைத் தாண்டவேண்டும். சென்னைக்கோ கோவைக்கோ போய் வாழ விரும்புகிறவர்களுக்கு அந்த வழியும் திறந்திருக்கட்டும். ஊரில் வேலை இல்லாததால் மட்டும் யாரும் ஊரை விட்டுப் போகக்கூடாது.

இந்த அறக்கட்டளைக்கு ஒரு வேண்டுகோள்

ஆண்டுதோறும் முதல் மதிப்பெண் பெறுபவருக்குப் பரிசு தருகிறீர்கள். அது தொடரட்டும். அதோடு, வட்டித்தொகையில் ஒரு பங்கை ஒரே வேலைக்கு ஒதுக்குங்கள். படித்த ஆதிவாசி இளைஞர் ஒருவருக்குச் சம்பளம் கொடுங்கள். பத்தாம் வகுப்பிலேயே பிள்ளைகளுக்குச் சான்றிதழ் விண்ணப்பம் எழுதித் தருவது, கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு உடன் போவது, கல்லூரியில் சேர்க்கும் நாளில் பக்கத்தில் நிற்பது, விடுதியில் முதல் மாதம் போய்ப் பார்ப்பது, படித்து முடித்தவருக்கு ஊரில் என்ன பணியிடம் காலி என்று தேடிச் சொல்வது, இவையே அவர் வேலை. அந்தச் சம்பளமும் உள்ளூரில் ஒரு வேலைதான்.

மிளகுக் கூடையோடு நான் பார்த்த அந்தப் பெண்ணுக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை. அடுத்து வருபவளுக்கு வாய்க்கட்டும். ஆசிரியர் கேட்ட கேள்விக்கு இந்த மண்டபம் தரக்கூடிய பதில் அதுவே.