கம்ப்யூட்டரும் ஆங்கிலமும்

(பெங்களூரு அங்கத்தினர்களின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் நம் வீடுகளில் ஒரே பேச்சுதான்: என்ன குரூப் எடுப்பது? எங்கள் ஆத்திலும் அப்படியே. மல்லேஸ்வரத்தில் பி.யு.சி. சேர்ந்த என் பெண்வயிற்றுப் பேரன், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, மேத்ஸுடன் நான்காவதாக பயாலஜியா, எலக்ட்ரானிக்ஸா, கம்ப்யூட்டர் சயன்ஸா என்று பதினைந்து நாள் யோசித்துக் கம்ப்யூட்டரை எடுத்தான். ஆங்கிலத்தைப் பற்றி யாரும் ஒரு நிமிஷம்கூடப் பேசவில்லை.

"தாத்தா, இங்கிலீஷ்ல பாஸானா போறும். சி.இ.டி. ரேங்க்குக்கு அது வராது" என்றான். அவன் சொன்னது பொய்யில்லை. கர்நாடகத்தில் இன்ஜினியரிங் ரேங்க்குக்கு, சி.இ.டி. மதிப்பெண்ணையும் பி.யு.சி.யில் பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, மேத்ஸ் மதிப்பெண்களையும் சரிபாதியாக எடுத்துக்கொள்கிறார்கள். நானும் தலையாட்டினேன். அது என் தவறு.

சில மாதங்கள் கழித்து, லேப் டெஸ்டில் மதிப்பெண் குறைந்து முகம் வாடி வந்தான். புரோகிராம் ஓடியது. ஆனால், 10க்கு மிகாத எண்களை எடு என்று ஆங்கிலத்தில் கேட்டிருந்ததை, 10க்குக் குறைந்த எண்கள் என்று படித்துவிட்டான். 10 விட்டுப்போயிற்று. கம்ப்யூட்டர் தெரியாததால் வந்த பிழை அல்ல அது.

எனக்குச் சுருக்கென்றது. 1974இல் குமாஸ்தாவாக இருந்தபோது நானும் இதே தவறைச் செய்தவன். 60 நாட்களுக்கு மிகாத விடுப்பை எங்கள் அலுவலகத்திலேயே அனுமதிக்கலாம் என்று உத்தரவு. காவலாளி ஒருவர், மனைவியின் சிகிச்சைக்காகச் சரியாக 60 நாள் கேட்டிருந்தார். நான் அவசரமாகப் படித்து, நமக்கு அதிகாரமில்லை என்று குறிப்பெழுதி ஃபைலை மேலிடத்துக்கு அனுப்பிவிட்டேன். அது திரும்பி வர இரண்டு மாதம். அதுவரை சம்பளமில்லாமல், மனைவியின் சங்கிலியை அடகு வைத்துச் சமாளித்திருக்கிறார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பி.எஸ்ஸி. படித்தவன் என்ற என் கர்வம் அன்றோடு போயிற்று.

கல்லூரியில் எங்களுக்குப் பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்று பிசிக்ஸ். மூன்றாவதுதான் படிப்பு, மற்றவை சடங்கு என்று நினைத்தோம். முப்பத்தைந்து வருஷ உத்தியோகத்தில் எனக்குச் சோறு போட்டது அந்தப் பகுதி இரண்டுதான்.

கம்ப்யூட்டர் பாடம் மாறிக்கொண்டே இருக்கும். 1984இல் மத்திய அரசு பள்ளிகளுக்கு பி.பி.சி. மைக்ரோ கம்ப்யூட்டர்களைக் கொடுத்தபோது பேசிக் மொழி. பிறகு சி.பி.எஸ்.இ.யில் சி பிளஸ் பிளஸ் வந்தது, இப்போது பைத்தான். இன்று செயற்கை நுண்ணறிவே புரோகிராம் எழுதித் தருகிறது. ஆனால் நமக்கு என்ன வேண்டுமென்று தெளிவாகக் கேட்பதும், வந்தது சரியா என்று பார்ப்பதும் மொழி தெரிந்தவனால்தான் முடியும்.

மற்ற ஊர் அன்பர்களுக்கும் சில தகவல்கள். சி.பி.எஸ்.இ.யில் கம்ப்யூட்டர் சயன்ஸ், இன்ஃபர்மேடிக்ஸ் பிராக்டிசஸ் இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். ஆங்கிலத்திலும் கோர், எலெக்டிவ் என்று இரண்டு உண்டு; இலக்கிய ஆர்வமுள்ள குழந்தைகளுக்கு எலெக்டிவ். கோரில் 80 மதிப்பெண் எழுத்துத் தேர்வு. மீதி 20 பள்ளியிலேயே, கேட்டல், பேசுதலுக்கும் சேர்த்து. ஜே.இ.இ. எழுதி என்.ஐ.டி.யில் சேர, பன்னிரண்டாம் வகுப்பில் 75 சதவீதம் வேண்டும், அல்லது தம் போர்டில் முதல் 20 பெர்சென்டைலுக்குள் வரவேண்டும். கணக்கில் எடுக்கும் ஐந்து பாடங்களில் ஒரு மொழிப் பாடமும் உண்டு. ஆகவே மதிப்பெண்ணுக்காகப் பார்த்தாலும் அலட்சியம் கூடாது.

இப்போது எங்கள் ஆத்தில் தினம் இருபது நிமிஷம் ஒரு பழக்கம். கேள்வியைப் பேரன் இரண்டு தடவை வாய்விட்டுப் படிப்பான். புரோகிராம் எழுதி முடித்ததும், அது என்ன செய்கிறது என்று சொந்த ஆங்கிலத்தில் ஐந்து வரி எழுதுவான். அதைப் படித்து எனக்குப் புரிந்தால் சரி. புரியாவிட்டால் மறுபடி எழுத வேண்டும். முணுமுணுத்துக்கொண்டாவது எழுதுகிறான்.

உங்கள் பேரன் பேத்திகள் எந்த குரூப்பை வேண்டுமானாலும் எடுக்கட்டும். ஆங்கிலம் பாஸானால் போதும் என்று மட்டும், என்னைப் போல், தலையாட்டிவிடாதீர்கள்.