பெட்டிப் பணமும் வங்கிப் பணமும்



2004 டிசம்பர் 26. காலை நேரம். சின்ன அந்தமான் தீவில் உள்ள ஹட் பேயைச் சுனாமி அலை தாக்கியது. வீடுகள் அடித்துச் செல்லப்பட்டன.

தகரப் பெட்டியில் வைத்த பணம் கடலோடு போனால் யாரிடம் கேட்பது? வங்கியில் போட்ட பணம் அப்படி அல்ல. பாஸ்புக் தொலைந்தாலும் வங்கிப் பதிவில் கணக்கு இருக்கும். வேறு பாஸ்புக் வாங்கிக்கொள்ளலாம்.

வங்கிக் கணக்கில் பல வகை உண்டு. நான்கு வகை முக்கியம்.

முதலாவது, சேமிப்புக் கணக்கு. மீன் விற்பவர், கூலி வேலை செய்பவர் எல்லோருக்கும் ஏற்றது. வேண்டும்போது போடலாம், எடுக்கலாம். கொஞ்சம் வட்டியும் உண்டு. சில கணக்குகளில் குறைந்தபட்சத் தொகை வைக்க வேண்டும். அடிப்படைச் சேமிப்புக் கணக்கில் அந்தக் கட்டாயம் இல்லை. 2014 ஆகஸ்டில் தொடங்கிய ஜன் தன் திட்டக் கணக்கும் இந்த வகைதான். மாதம் நான்கு முறையாவது கட்டணம் இல்லாமல் பணம் எடுக்கலாம்.

இரண்டாவது, நடப்புக் கணக்கு. இது வியாபாரிகளுக்கு. போர்ட் பிளேரின் பெயர் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறியது. அங்கிருந்து கப்பலில் சரக்கு வரவழைக்கும் கடைக்காரர் ஒரே நாளில் பலருக்குப் பணம் தர வேண்டியிருக்கும். அவருக்கு இது உதவும். பொதுவாக இதற்கு வட்டி கிடையாது.

மூன்றாவது, தொடர் வைப்பு. மாதாமாதம் ஒரே தொகை கட்ட வேண்டும். மாதம் 500 ரூபாய் கட்டினால், ஓர் ஆண்டில் 6,000 ரூபாய் சேரும். வட்டி தனி. பிள்ளையின் பள்ளிச் செலவுக்கு ஆகும்.

நான்காவது, நிரந்தர வைப்பு. தேங்காய் விற்ற பணம் மொத்தமாகக் கையில் இருக்கிறதா? இப்போது தேவை இல்லையா? இதில் போடலாம். பெரும்பாலும் சேமிப்புக் கணக்கைவிட வட்டி கூடுதல். தவணைக்கு முன் எடுத்தால் வட்டி குறையும்.

வங்கியே நொடித்துப் போனால்? வைப்புக் காப்பீடு இருக்கிறது. 2020 பிப்ரவரி முதல், ஒரு வங்கியில் ஒருவருக்கு வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு.

கணக்குத் தொடங்கும்போது வாரிசுதாரர் பெயரைப் பதிவு செய்யுங்கள். குடும்பத் தலைவருக்கு ஏதாவது நேர்ந்தால், வீட்டார் அலையாமல் பணம் பெற இது உதவும். இரண்டு ஆண்டுகள் போடாமலும் எடுக்காமலும் இருந்தால் கணக்கு முடங்கிவிடும். அதையும் மறக்க வேண்டாம்.

எழுதப் படிக்கத் தெரியாதபோது பிறர் சொன்னதை நம்ப வேண்டியிருந்தது. இப்போது சீட்டை நீங்களே எழுதலாம். பணம் கட்டியதும் பாஸ்புக்கில் பதிவு செய்து வாங்குங்கள். தேதி சரியா? தொகை சரியா? மீதி சரியா? இந்த மூன்றையும் படித்துப் பார்த்த பிறகே வங்கியை விட்டு வெளியே வாருங்கள்.