பச்சிளம் குழந்தையின் உடற்சூடு: தந்தையர்க்குப் பொறுப்பில்லையா?

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



"பெண்கள் கூட்டத்தில் பேச வேண்டிய விஷயத்தை நம்மிடம் ஏன் பேசுகிறார்?" என்று உங்களில் சிலர் எண்ணலாம். அந்த எண்ணம் தவறு என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். மனைவியைப் பிரசவத்திற்குச் சேர்த்துவிட்டுக் கடை திறக்க ஓடுகிறோம். ஆணா பெண்ணா என்று கேட்கிறோம். இனிப்பு வழங்குகிறோம். "குழந்தையின் உடம்பு சூடாக இருக்கிறதா?" என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

வெயில் ஊரிலும் குளிருமா?

குளிரும், சகோதரர்களே! தாயின் வயிற்றில் சுமார் 37 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருந்த குழந்தை, நனைந்த உடம்போடு வெளியே வருகிறது. நமக்கு இதமான அறை அதற்குக் குளிர். ஈரத்தைத் துடைக்காமல் விட்டால் முதல் 10 முதல் 20 நிமிடங்களுக்குள் அதன் உடற்சூடு 2 முதல் 4 டிகிரி வரை இறங்கிவிடக்கூடும். நாம் குளிரில் நடுங்கிச் சூடு பெறுகிறோம். பச்சிளம் குழந்தைக்கு அது இயலாது. உடம்பில் உள்ள ஒருவகைக் கொழுப்பை எரித்தே அது சூடு தேடுகிறது. குறைமாதக் குழந்தைக்கு அந்த இருப்பும் குறைவு. வரவில்லாமல் முதலையே எடுத்துத் தின்னும் கடை எத்தனை நாள் நிற்கும் என்பதை வணிகர்களாகிய நீங்கள் அறிவீர்கள்!

அக்குளில் தெர்மாமீட்டர் வைத்தால் 36.5 முதல் 37.5 டிகிரி வரை இருக்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் ரத்தத்தில் சர்க்கரை குறையும், பால் குடிக்க வலு இராது, மூச்சுத் தளரும், உயிரும் போகலாம்.

என்ன செய்ய வேண்டும்?

பிறந்தவுடன் உலர்ந்த துணியால் துடைத்து, ஈரத்துணியை அகற்றிவிட்டு, தாயின் வெறும் மார்பில் குழந்தையைப் படுக்க வைக்க வேண்டும். வேறொரு உலர்ந்த துணியால் போர்த்தி, தலைக்குத் தொப்பி அணிவிக்க வேண்டும். ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் தொடங்க வேண்டும். முதல் குளியல் 24 மணி நேரம் கழித்துத்தான். "அழுக்கோடு விடுவதா?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். தோல்மேல் வெள்ளையாகப் படிந்திருப்பது அழுக்கல்ல, காப்பு என்று பணிவோடு சொல்லுங்கள்.

காதில் பாங்கு சொல்லக் குழந்தையைத் தாயிடமிருந்து பிரிக்க வேண்டியதில்லை. தாயின் மார்பில் இருக்கும்போதே சொல்லலாம். ஏழாம் நாள் முடி இறக்கினால், உடனே தலையை ஈரமில்லாமல் துடைத்துத் தொப்பி போடுங்கள். பார்க்க வருகிறவர்களின் வசதிக்காக ஏசியைப் போடாதீர்கள். சூடு உண்டாக்கத் தணலோ வெந்நீர் பாட்டிலோ வைக்காதீர்கள். மென்மையான தோல் வெந்துவிடும்.

பொகோட்டா தரும் பாடம்

கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில் 1978இல் ஒரு மகப்பேறு மருத்துவமனை தவித்தது. எடை குறைந்த குழந்தைகள் பலர், இன்குபேட்டர்களோ போதவில்லை. மருத்துவர் எட்கர் ரே, தாயின் மார்பையே இன்குபேட்டர் ஆக்கினார். மருத்துவர் ஹெக்டர் மார்ட்டினெஸும் இணைந்து அதை வளர்த்தார். அதுவே இன்று உலகறிந்த கங்காரு முறை!

இது வசதியற்றவர்களுக்கான மாற்றுவழி மட்டும்தானா? இல்லை. இந்தியா உட்பட 5 நாடுகளில் நடந்த ஆய்வின் முடிவு 2021இல் வெளியானது. 1 முதல் 1.8 கிலோ வரை எடையுள்ள குழந்தைகளுக்குப் பிறந்தவுடனேயே இதைத் தொடங்கினார்கள். உடல்நிலை சீரான பிறகு தொடங்கிய குழந்தைகளோடு ஒப்பிட்டபோது, 28 நாட்களுக்குள் நேரும் மரணம் கால் பங்கு குறைந்தது. எடை குறைந்த குழந்தைகளுக்கு நாள்தோறும் 8 முதல் 24 மணி நேரம் இம்முறை தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது.

சிந்தித்துப் பாருங்கள்! பிரசவித்த உடம்போடு ஒரு தாய் தனியாக இத்தனை மணி நேரம் சுமக்க முடியுமா? அவள் உண்ண வேண்டாமா, உறங்க வேண்டாமா? அந்த நேரத்தில் சட்டையைக் கழற்றிவிட்டுக் குழந்தையை நெஞ்சில் ஏந்த வேண்டியவர் யார்? தந்தை! அந்த நெஞ்சின் சூடும் குழந்தையைக் காக்கும்.

வீட்டிலும் கவனம் வேண்டும். குழந்தையின் வயிற்றையும் பாதத்தையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வயிறு சூடாக இருந்து பாதம் மட்டும் சில்லென்றிருந்தால் எச்சரிக்கை. மார்போடு அணைத்துப் போர்த்துங்கள், பால் கொடுக்கச் செய்யுங்கள். இரண்டும் சில்லென்றிருந்தாலோ, குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ தாமதம் கூடாது. நெஞ்சோடு அணைத்தபடியே மருத்துவமனைக்கு விரையுங்கள்.

சகோதரர்களே! கடையை ஒரு வாரம் பூட்டினால் வரும் நஷ்டத்தை மறு வாரம் ஈடுகட்டலாம். குழந்தையின் முதல் ஒரு மணி நேரத்தை எந்தப் பணத்தைக் கொடுத்து மீட்பீர்கள்? பிரசவப் பையில் துவைத்து உலர்த்திய பருத்தித் துணிகளும் ஒரு குல்லாவும் இருக்கட்டும். அந்தப் பையை நீங்களே எடுத்து வையுங்கள்!