திறைசேரி முறிகளும் நமது சேமிப்பும்

(சங்க ஆண்டு விழாவில், வாலிபர் அரங்கில் நிகழ்த்திய பேச்சு)





சமய வளர்ச்சிக்கென அமைந்த சங்கமொன்றிலே காசைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். பெரியோர் சிலர் முகஞ் சுளித்தல் கூடும். ஆயினும் அறம், பொருள், இன்பம், வீடு என்னும் நான்கனுள் பொருளை இரண்டாவதாக வைத்தவர் நம் முன்னோரே. திருவள்ளுவரும் ‘பொருள் செயல்வகை’ என ஓர் அதிகாரம் வகுத்தார். நேர்வழியில் ஈட்டிய பொருளை வீணே அழியவிடாது காத்தலும் அறத்தின் பாற்பட்டதே என்னும் துணிவோடு தொடங்குகின்றோம்.

எமக்குப் பழக்கமான ஆசிரியர் ஒருவர் முப்பத்தைந்து ஆண்டுகள் படிப்பித்து இளைப்பாறியவர். இளைப்பாறும்போது ஒரே தொகையாகக் கிடைத்த பணத்தை, வங்கியிலும் கூடிய வட்டி தருவதாகச் சொன்ன நிதிக் கொம்பனி ஒன்றில் இட்டார். சில காலம் வட்டி ஒழுங்காக வந்தது. பின்னர் பிந்தி வந்தது. பின்னர் வரவேயில்லை. ஒருநாள் போய்ப் பார்த்தபோது கதவில் பூட்டுத் தொங்கியது. மகளின் கலியாணத்துக்கென வைத்த பணம் அது. அவர் எம்மைக் கண்டு, “தம்பி, நீர் சர்வகலாசாலையிலே படிக்கிறீர். காசை எங்கே வைத்தால் இரவிலே நித்திரை வரும் என்று சொல்லும் பார்ப்போம்?” என்றார். அன்று எம்மால் மறுமொழி சொல்ல இயலவில்லை. அதைத் தேடிப் படித்தவற்றையே இன்று உங்கள் முன் வைக்கின்றோம்.

“கோழி மேய்த்தாலும் கோர்ணமேந்தில் மேய்க்க வேண்டும்” என்பது நம்மூர்ப் பழமொழி. உத்தியோகத்துக்கு அரசாங்கத்தை நாடிய நாம், கடன் கொடுக்கும்போது மட்டும் அரசாங்கத்தை நினைப்பதில்லை. ஒற்றிக்குக் கொடுப்போம், சீட்டுப் போடுவோம், நகையாக வாங்கிப் பெட்டியிலே பூட்டுவோம். அரசாங்கத்துக்கே நாம் கடன் கொடுக்கலாம் என்பதை நம்முள் எத்தனை பேர் அறிவோம்?

அரசாங்கம் நம்மிடம் கடன் வாங்கும் பத்திரங்களுள் இரண்டு முக்கியமானவை. ஒன்று திறைசேரி உண்டியல். இது 1923 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின்படி வெளியிடப்படுவது. 91 நாள், 182 நாள், 364 நாள் என ஓராண்டுக்குள் முடிவது. கோயில் உண்டியலில் இட்ட காசு திரும்பி வராது. இந்த உண்டியலில் இட்டது வட்டியோடு திரும்பி வரும். மற்றையது திறைசேரி முறி. இது 1937 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின்படி வெளியிடப்படுவது. 1997 இல் ஏல முறையில் விற்பனைக்கு வந்தது. இரண்டாண்டு முதல் முப்பதாண்டு வரை தவணையுடையது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டி தருவது. தவணை முடிவில் முதலைத் திருப்புவது. முறி என்றாற் பழந்தமிழில் ஏட்டிலெழுதிய சாசனம். இன்று அந்த ஏடும் இல்லை. மத்திய வங்கியின் கணினிப் பதிவே சாசனமாக நிற்கிறது.

இம்முறிகளுள் ஏறத்தாழ மூன்று முதல் பத்தாண்டு வரையிலான நடுத்தரத் தவணை முறிகளையே இன்று சிறப்பாக எடுத்துக்கொள்கின்றோம். காரணம் என்ன? நம் கிணற்றடியிலே துலா மிதித்ததைக் கண்டவர்க்கு இது எளிதில் விளங்கும். துலாவின் ஒரு முனை ஏற மறுமுனை இறங்கும். அவ்வாறே நாட்டில் வட்டி வீதம் ஏறினால், முன்னரே வெளிவந்த முறியின் விலை இறங்கும். வீதம் இறங்கினால் விலை ஏறும். துலா நீளமாயின் அதன் நுனி அசையும் தூரமும் கூடும். தவணை நீளமாயின் விலையின் ஆட்டமும் கூடும்.

கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். நூற்றுக்கு 10 வீத வட்டி, ஆண்டுக்கொருமுறை தரும் 100 ரூபா முறிகள் மூன்று இருக்கின்றன என வைத்துக்கொள்வோம். சந்தை வட்டி 12 வீதமாக ஏறுகின்றது. அப்பொழுது ஓராண்டு முறியின் விலை ஏறக்குறைய 98 ரூபா 20 சதமாகும். ஐந்தாண்டு முறியின் விலை 92 ரூபா 80 சதமாகும். இருபதாண்டு முறியோ 85 ரூபாவாகிவிடும். ஆகவே மிக நீண்ட முறியில் ஆட்டம் பெரிது. மிகக் குறுகிய உண்டியலில் ஆட்டம் சிறிது. ஆயின் அது முடியும்போதெல்லாம் அன்றைய வட்டிக்கே திரும்பப் போடவேண்டும். வட்டி வீழ்ந்தால் வருமானமும் வீழும். நடுத்தர முறி இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. நான்கைந்து ஆண்டில் வீடு கட்ட, பிள்ளையைப் படிப்பிக்க, தங்கைக்குக் கலியாணஞ் செய்ய வேண்டிய பணத்துக்கு ஏற்ற தவணை இதுவே.

இனி, இம்முறிகளை நாமே வாங்கலாமே, முகாமையாளர் ஒருவர் எதற்கு என்று வினவுவீர்கள். வாங்கலாம், முதனிலை வணிகர் மூலமாக வாங்க வழியுண்டு. ஆயினும் சிறுதொகை வைத்திருப்பவர் ஒரு முறியைத்தான் வாங்க முடியும். இடையிலே பணம் தேவைப்பட்டால் அந்த ஒன்றையே அன்றைய விலைக்கு விற்கவேண்டும். பலருடைய சிறுதொகைகளை ஒன்றாகத் திரட்டி, இரண்டாண்டு, நான்காண்டு, ஆறாண்டு, எட்டாண்டு எனப் படிப்படியாக முடியும் முறிகளை வாங்கி, முடிந்தவற்றின் பணத்தை மீண்டும் முறிகளில் இட்டு நடாத்துவதே தொழில் தெரிந்த முகாமையாளரின் வேலை. பலர் சேர்ந்து போடும் சீட்டைப் போன்ற கூட்டுமுயற்சிதான் இது. ஆனால் ஏலங் கூறுதலும் இல்லை, தாச்சி ஓடிப்போவாரென்ற பயமும் குறைவு.

இலங்கையில் இவ்வேலையைக் கூறு நம்பிக்கை நிதியங்கள் 1991 முதல் செய்து வருகின்றன. அரச பத்திரங்களில் மாத்திரம் முதலிடும் நிதியங்களும் அவற்றுள் உண்டு. முதலீட்டைத் தீர்மானிப்பவர் முகாமைக் கொம்பனியார். சொத்துக்களைக் காப்பவர் வேறொரு நம்பிக்கைப் பொறுப்பாளர். தீர்மானிப்பவர் கையிலேயே திறப்பும் இராமை இவ்வேற்பாட்டின் சிறப்பாகும். இவற்றை மேற்பார்வை செய்வது பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனைகள் ஆணைக்குழு. ஆயினும் ஒன்று நினைவிலிருக்கட்டும்: இது வங்கி வைப்பன்று. வைப்புக் காப்புறுதி இதற்கில்லை. கூறின் விலை ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும்.

வாலிப அன்பர்களே! ‘இது பணமுள்ளவர் பாடு, எமக்கென்ன?’ என்று நீங்கள் எண்ணலாகாது. நீங்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், தனியார் துறையிலே உத்தியோகம் பெறும் முதல் மாதமே அரச முறிகளின் முதலீட்டாளராகி விடுகிறீர்கள். 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் நூற்றுக்கு 8 பங்கும், முதலாளி தரும் 12 பங்கும் போகின்றன. அப்பணத்தை முதலிட்டு நடாத்துவது மத்திய வங்கி. 2023 ஆம் ஆண்டின் முடிவில் அந்நிதி மூன்று இலட்சங் கோடி ரூபாவிற்கு மேற்பட்டிருந்தது. அதில் பத்தில் ஒன்பது பங்கிற்கு மேல் அரச பத்திரங்களிலேயே இருந்தது. பிறர் முகாமை செய்யும் முறித் தொகுதிகளுள் நம் நாட்டில் மிகப் பெரியது இதுவே. இதன் சரித்திரத்தை அறிந்தால், முறிகளின் நன்மையும் தீமையும் நமக்குத் தெளிவாகும்.

2015 ஆம் ஆண்டு பெப்ரவரி 27 ஆம் நாள் முப்பதாண்டு முறிகளுக்கு ஏலம் நடந்தது. 100 கோடி ரூபாவிற்கு விளம்பரஞ் செய்து, 1,000 கோடிக்கு மேல் ஏற்றுக்கொண்டனர். நாடெங்கும் இது பேச்சாயிற்று. பின்னர் நியமிக்கப்பட்ட சனாதிபதி விசாரணை ஆணைக்குழு, அக்காலத்து முறி வியாபாரத்தில் ஊழியர் சேமலாப நிதியும் நட்டமடைந்ததெனக் கண்டது. முறி கடனைத் தீர்த்தது. ஆயினும் அதை என்ன விலைக்கு வாங்கினர் என்பதிலே தொழிலாளியின் காசு கரைந்தது. முகாமையாளரின் திறமை மட்டும் போதாது, நேர்மையும் வேண்டும் என்பதற்கு இது சான்று.

அடுத்தது 2022. ஏப்ரல் 8 ஆம் நாள் மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 வீதப் புள்ளிகள் உயர்த்தியது. நான்கு நாட்களின் பின், ஏப்ரல் 12 இல், வெளிநாட்டுக் கடன்களைத் திருப்புவதை அரசாங்கம் நிறுத்திவைத்தது. உண்டியல் வட்டி அவ்வாண்டிலேயே 30 வீதத்தைத் தாண்டியது. துலா தலைகீழாய் நின்ற காலமது. பழைய முறிகளின் விலை பெரிதும் வீழ்ந்தது. செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 69.8 வீதம். ஊழியர் சேமலாப நிதி அவ்வாண்டுக்குக் கொடுத்த வட்டியோ 9 வீதம். சேமித்தவர் கணக்கில் இலக்கம் கூடியது. அதைக்கொண்டு வாங்கக்கூடிய அரிசியோ குறைந்தது. அதே வேளையில், அந்த உயர்ந்த வட்டிக்குத் துணிந்து நடுத்தர முறிகளை வாங்கியவர்கள், 2023 சூனில் வட்டி இறங்கத் தொடங்கியபின் நல்ல இலாபமடைந்தனர் என்பதையும் மறைக்கலாகாது.

மூன்றாவது 2023. உள்நாட்டுக் கடனை மறுசீரமைக்கும் திட்டத்தைச் சூலை 1 ஆம் நாள் பாராளுமன்றம் அங்கீகரித்தது. ஊழியர் சேமலாப நிதி தன் முறிகளுள் ஒரு பங்கைக் கொடுத்துப் பிந்திய தவணை முறிகளைப் பெற்றது. அவற்றுக்கு 2025 வரை 12 வீதமும் அதன்பின் 9 வீதமும் வட்டி. மாற்றாதுவிட்டால் வருமானத்தின் மீது வரி 14 வீதத்திலிருந்து 30 வீதமாக ஏறும் என்ற நிபந்தனையும் கூடவே வந்தது. வங்கிகளும் தனியாரும் வைத்திருந்த முறிகள் இம்மாற்றத்துக்கு உட்படவில்லை. தொழிலாளரின் பணத்துக்கு இது நேர்ந்தபோது, தொழிலாளரைத் தனித்தனியே எவரும் கேட்கவில்லை. கேட்கக்கூடிய நிலையிலே அவரும் இருக்கவில்லை. தன் காசு முறியிலே இருக்கிறதென்பதே பலருக்குத் தெரியாது.

இவற்றையெல்லாம் கேட்டபின், ‘அப்படியானால் முறியே வேண்டாம்’ என்று முடிவு செய்தல் கிணற்றில் ஒருவர் வழுக்கினார் என்று தண்ணீர் குடியாமலிருப்பதை ஒக்கும். அரச முறியை ஒருபோதும் ஆட்டமில்லாத பாறையென எண்ணியது நம் பிழை. அது கடன். கடன்பட்டவர் அரசாங்கமாயினும் கடன் கடனே. ஆகவே, எந்தப் பணத்தை அங்கே வைப்பது, எவரிடம் ஒப்படைப்பது என்று ஆராய்தல் வேண்டும்.

எமது சிற்றறிவுக்கு எட்டியவரை சொல்கின்றோம். ஓராண்டுக்குள் வேண்டிய பணத்தை நடுத்தர முறித் தொகுதியில் இடவேண்டாம். அது வங்கியிலேயே இருக்கட்டும். கையிலுள்ள எல்லாவற்றையும் அங்கே இடவும் வேண்டாம். மூன்று முதல் ஏழாண்டு வரை தொடத் தேவையில்லாத பங்கை மாத்திரம் இடுவோம். இடுமுன் முகாமையாளரிடம் நான்கு கேள்விகள் கேட்போம்.

ஒன்று: தொகுதியிலுள்ள முறிகளின் சராசரித் தவணை எத்தனை ஆண்டு? துலாவின் நீளம் இதனாலே தெரியும்.

இரண்டு: உள்ளவை முழுவதும் அரச முறிகளா, கொம்பனிக் கடன்களும் கலந்துள்ளனவா? வட்டி கூடுதலாக வரும் இடத்தில் பெரும்பாலும் கலப்பு இருக்கும்.

மூன்று: முகாமைக் கட்டணம் எவ்வளவு? ஒரு வீதந்தானே என்று இதை அலட்சியஞ் செய்யலாகாது. 100,000 ரூபா, 10 வீதத்தில் பத்தாண்டில் 259,374 ரூபாவாகும்; 9 வீதத்தில் 236,736 ரூபாவே ஆகும். அந்த ஒரு வீதத்தின் விலை 22,638 ரூபா.

நான்கு: சொத்தைக் காப்பவர் யார், கணக்கைப் பரிசோதிப்பவர் யார், பணத்தை மீளக் கேட்டால் எத்தனை நாளில் கிடைக்கும்?

இந்நான்கிற்கும் முகம் மாறாது, எழுத்திலே மறுமொழி தருபவரிடம் பணத்தைக் கொடுக்கலாம். “அதெல்லாம் உங்களுக்கு எதற்கு, வட்டி வருந்தானே” என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடவேண்டும். எம் ஆசிரியர் இட்ட கொம்பனியிலே இக்கேள்விகளுள் ஒன்றைத்தானும் அவர் கேட்கவில்லை. கேட்பது மரியாதைக் குறைவென்று நினைத்தாராம். காசு கொடுப்பவன் கணக்குக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. கோயிற் கணக்கையே பொதுக்கூட்டத்திலே கேட்கும் நாம், கொம்பனிக் கணக்கைக் கேட்கக் கூசுவானேன்?

பெரியோர்களே! ஆங்கிலப் பத்திரங்களை வாசிக்கத் தெரிந்த வாலிபர் இச்சங்கத்தில் பலருளர். இளைப்பாறிய மூத்தவர் ஒருவர் பணத்தை எங்கேனும் இடுமுன், அப்பத்திரங்களை அவரோடு கூடவிருந்து வாசித்துச் சொல்ல நாம் ஆயத்தமாயிருக்கிறோம். ஞாயிறு தோறும் கூட்டுப் பிரார்த்தனை முடிந்தபின் ஒரு மணி நேரம் இதற்கென ஒதுக்கும்படி நிருவாக சபையாரை வேண்டிக்கொள்கின்றோம். வாலிபர்களும் தத்தம் சேமலாப நிதிக் கூற்றை ஆண்டுக்கொருமுறையாவது எடுத்துப் பார்க்கவேண்டும்.

அண்மையில் அந்த ஆசிரியரை மீண்டும் சந்தித்தோம். எஞ்சிய சிறுதொகையை எங்கே வைப்பதென்று கேட்டார். “ஐயா, முழு நித்திரை தரும் இடம் எமக்குத் தெரியவில்லை. ஆனால் காசு எங்கே இருக்கிறது, யார் கையில் இருக்கிறது, எப்பொழுது வரும் என்று தெரிந்தால் பாதி நித்திரையாவது வரும்” என்றோம். அவர் சிரித்துவிட்டு, “சரி, அந்தப் பத்திரங்களைக் கொண்டுவாரும், இருந்து வாசிப்போம்” என்றார்.