எந்தப் பிள்ளையும் நம் பிள்ளையே
(தம்பதிகள் கூட்டத்தில் ஆற்றிய பேச்சு)

வழக்கமாகப் பிரசவம், தடுப்பூசி, கருத்தடை என்றுதான் பேசுவோம். பெற்ற பிள்ளையைக் காப்பதும் குடும்ப நலந்தானே? இன்றைக்கு அதைப் பேசுவோம்.

அலமாரியில் வைத்த கருத்தடை மாத்திரை குறைந்துகொண்டே வருகிறது. எடுத்தது யார்? பதினாறு வயதுப் பிள்ளை. "அம்மா, எல்லாரும் என்னைப் பையன்னு சொல்றாங்க. உள்ளுக்குள்ளே நான் பொண்ணும்மா" என்று அழுகிறது. மாத்திரை போட்டால் உடம்பு மாறும் என்று யாரோ சொன்னார்களாம். இப்படி நடப்பது உண்டு.

டாக்டரைக் கேட்காமல் இதை விழுங்கினால் கால் இரத்தக்குழாயில் இரத்தம் உறையலாம். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. பெண்ணாய்ப் பிறந்து, "நான் பையன்" என்று சொல்லும் பிள்ளைகளும் உண்டு. மார்பைத் துணியால் இறுக்கிக் கட்டி மூச்சுத் திணறுவார்கள். மாதவிலக்கு நாட்களில் பள்ளிக்குப் போகாமல் முடங்குவார்கள்.

இதைக் கேட்டதும் அடிப்பதா? மந்திரிக்கக் கூட்டிப்போவதா? அவசரமாய்க் கல்யாணம் முடிப்பதா? வேண்டாங்க! இது பேயும் அல்ல, வளர்ப்புக் குற்றமும் அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்ற நோய்ப் பட்டியலில், மனநோய்ப் பகுதியிலிருந்து இதை எடுத்துவிட்டது. "மாற்றிக் காட்டுகிறேன்" என்று செய்யும் வைத்தியத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் தடை விதித்தது.

பின் என்ன செய்வது? முதலில் காது கொடுத்துக் கேளுங்கள். விளையாட்டாய்ச் சேலை கட்டிய பையன் எல்லாம் திருநங்கை ஆகிவிடுவதில்லை. அவசரப்பட்டு முடிவு கட்டவும் வேண்டாம், வாயை அடைக்கவும் வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் தாயும் தகப்பனும் சேர்ந்தே அழைத்துப் போங்கள். அவர் மனநல மருத்துவரிடம் அனுப்புவார். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும், மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையிலும் இதற்கென்றே தனிப் பிரிவு உண்டு.

"போனதும் அறுத்துவிடுவார்களோ?" என்று பயப்படாதீர்கள். இளம் பிள்ளைக்கு முதல் வைத்தியம் பேச்சும் ஆறுதலுந்தான். ஹார்மோன் மருந்து என்றால் இரத்தப் பரிசோதனை செய்து, நிபுணர் பார்த்துத்தான் கொடுப்பார். அறுவை சிகிச்சை பதினெட்டு வயது நிறைந்து, அவரே விரும்பினால் மட்டுமே.

வீட்டை விட்டுத் துரத்தினால் என்ன ஆகும்? போலி வைத்தியரிடம் அறுத்துக்கொண்டு, இரத்தப்போக்கில் இறந்த பிள்ளைகள் உண்டு. விஷம் குடித்த பிள்ளைகள் உண்டு. வீட்டார் அணைத்துக்கொண்ட பிள்ளைகளிடம் சாகும் எண்ணம் குறைவு என்பது ஆராய்ச்சியில் கண்ட உண்மை. இரவில் மனம் உடைந்து பேசினால் 14416 என்ற எண்ணுக்குப் போன் போடுங்கள். காசு இல்லை.

ஊர் நாலு நாள் பேசும், பிறகு மறந்துவிடும். போன பிள்ளை திரும்பி வருமா? இன்று ராத்திரி கணவனும் மனைவியும் கூடிப் பேசுங்கள். "நீ எப்படி இருந்தாலும் எங்க புள்ளைதான்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்த வார்த்தையே முதல் மருந்து.