மணலுக்குள் இருக்கும் வேளையில்



 



பிர்அவ்னின் கூட்டத்தார் மீது இறக்கப்பட்ட சோதனைகளை ஸூரா அல்அஃராபின் 133ஆவது வசனம் வரிசைப்படுத்துகின்றது. அதில் வெள்ளத்துக்கு அடுத்ததாக வருவது வெட்டுக்கிளி. மறுமை நாளில் கப்றுகளிலிருந்து வெளிப்படும் மனிதர் திரளையும் பரந்து செல்லும் வெட்டுக்கிளிகளுக்கே ஸூரா அல்கமர் ஒப்பிடுகின்றது. புல்தரையில் தாவும் ஒற்றைப் பூச்சியை மாத்திரம் கண்டு வளர்ந்த நமக்கு இவ்வுவமையின் கனம் இலகுவில் விளங்குவதில்லை. 'ஜராத்' என்ற சொல்லைக் கேட்கும் பாலைவனத்து விவசாயிக்கோ சூரியனை மறைத்துக்கொண்டு வரும் ஒரு படையே நினைவில் எழும்.

அப்படையின் பலத்தைச் சற்று கணக்கிட்டுப் பாருங்கள். பாலைவன வெட்டுக்கிளி ஒன்றின் எடை சுமார் 2 கிராம். நாளொன்றுக்குத் தன் எடையளவு பசுமையை அது தின்றுவிடும். ஒரு சதுர கிலோமீற்றர் பரப்பிலான கூட்டத்தில் 4 கோடி முதல் 8 கோடி வரையிலான பூச்சிகள் இருக்கலாம். அத்தகைய ஒரு கூட்டம் ஒரே நாளில் 35,000 மனிதர்களின் உணவுக்கு ஈடானதை அழிக்கின்றது. காற்றோடு சேர்ந்து நாளொன்றுக்கு 150 கிலோமீற்றர் தூரமும் பறக்கின்றது. 1988ஆம் ஆண்டில் மேற்கு ஆபிரிக்காவிலிருந்து புறப்பட்ட கூட்டங்கள் அத்திலாந்திக் சமுத்திரத்தையே கடந்து கரீபியன் தீவுகளில் இறங்கின.

ஆனால், எப்போதும் இது படையாக இருப்பதில்லை. வரண்ட காலங்களில் தனித்தனியே, ஒன்றையொன்று தவிர்த்து வாழும் சாதுவான பூச்சி இது. நல்ல மழை பெய்து மணல் நனைந்தால் பெண் பூச்சி ஈரமண்ணுள் முட்டையிடும். சுமார் இரு வாரங்களில் சிறகற்ற குஞ்சுகள் வெளிவரும். பசுமை குறையக் குறைய அவை ஒரே இடத்தில் நெருக்கமாகக் கூடுகின்றன. உடலோடு உடல் உரசும்போது அவற்றின் நிறமும் குணமும் மாறி, சேர்ந்தே நகரத் தொடங்குகின்றன. மூன்று மாதங்களில் எண்ணிக்கை இருபது மடங்காகலாம். ஆறு மாதங்களில் நானூறு மடங்கு. ஒன்பது மாதங்களில் எண்ணாயிரம் மடங்கு! சிறகு முளைக்குமுன் சில வாகனங்களும் மருந்துத் தெளிகருவிகளும் பயிற்சி பெற்ற சிலரும் போதும். சிறகு முளைத்துவிட்டால் விமானங்கள் தேவை.

அந்தச் சில வாரங்களில் உலகம் என்ன செய்கின்றது? இதைத்தான் உங்களோடு பேச விரும்புகின்றேன்.

2003ஆம் ஆண்டின் இறுதியில் ஸஹாராவின் தென்விளிம்பிலும் மேற்கு ஓரத்திலும் வழமைக்கு மாறான மழை பெய்தது. உலக உணவு விவசாய ஸ்தாபனம் உடனே எச்சரித்தது. 2004 பெப்ரவரியில் அது உலக நாடுகளிடம் கோரிய தொகை 9 மில்லியன் டொலர். செல்வந்த நாடுகளுக்கு இது ஒரு தொகையே அல்ல. இருந்தும் பணம் வந்து சேரவில்லை. சில மாதங்களுள் தேவை 100 மில்லியனாக உயர்ந்தது. இறுதியில் 20க்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறக்குறைய 130 இலட்சம் ஹெக்டயர் நிலத்துக்கு மருந்தடிக்க நேர்ந்தது. செலவு 400 மில்லியன் டொலரைத் தாண்டியது. விளைச்சல் இழப்பு 2.5 பில்லியன் டொலர் வரை மதிப்பிடப்பட்டது. மொரிடானியா, மாலி, நைஜர், செனகல் ஆகியன அதில் அடிபட்ட நாடுகள். கம்பும் இறுங்கும் விளையும் வயல்கள் அவை. அங்கு வாழ்வோரில் மிகப் பெரும்பான்மையினர் நம்மோடு ஒரே கிப்லாவை முன்னோக்குபவர்கள்.

நைஜரில் 2005இல் பட்டினி பரவியது. அதற்கு வெட்டுக்கிளி மட்டுமே காரணம் என்று கூறுவது நீதியாகாது. வரட்சியும் இருந்தது, வறுமையும் இருந்தது, தானியத்தின் விலை ஏழைகளின் கைக்கு எட்டாத உயரத்துக்கும் சென்றிருந்தது. 2004ஆம் ஆண்டின் பிற்பகுதியிலேயே உதவி கோரப்பட்டபோதிலும் உலகம் பெரும்பாலும் மௌனமாகவே இருந்தது. 2005 ஜூலையில் எலும்பும் தோலுமான குழந்தைகள் தொலைக்காட்சித் திரையில் தோன்றிய பின்னரே விமானங்கள் உணவைச் சுமந்துகொண்டு புறப்பட்டன.

சகோதரர்களே, அந்த மாதங்களில் உலகின் பார்வை எங்கிருந்தது தெரியுமா? பெரும்பகுதி நம்மீதுதான். 2004 டிசம்பர் 26 அன்று கடல் நம் கரையோரங்களை அள்ளிச் சென்றது. உலகம் கோடிக்கோடியாக வாரி வழங்கியது. அரபுக் கல்லூரியில் ஓதிக்கொண்டிருந்த மாணவனாகிய நானும் அந்நிய மொழிகள் அச்சிடப்பட்ட மூடைகளின் அரிசியைத்தான் உண்டேன். அது நமக்குக் கிடைத்ததில் தவறேதுமில்லை. நமக்கு அது தேவைப்பட்டது. ஆயினும், ஒரே நாளில் வந்த அழிவுக்குக் கண்ணீர் சிந்திய உலகம், ஓராண்டாக மெல்ல மெல்ல நடந்து வந்த அழிவைக் காணவில்லை என்பதை நினைக்கும்போது அந்தச் சோறு இன்றும் தொண்டையில் சற்றே தடுக்கின்றது.

நபி யூஸுப் (அலை) அவர்களின் வரலாற்றை எண்ணிப் பாருங்கள். எகிப்திய மன்னனிடம் இருந்த ஆதாரம் என்ன? ஒரு கனவு! ஏழு கொழுத்த பசுக்களை ஏழு மெலிந்த பசுக்கள் தின்னும் கனவு. அதன் விளக்கத்தைக் கேட்டதும் பஞ்சம் வருமுன்னரே களஞ்சியங்கள் நிரப்பப்பட்டன. தானியத்தைக் கதிரோடு விட்டுவைக்கும் நுணுக்கம் வரை ஸூரா யூஸுப் கூறுகின்றது. நம் காலத்தவரிடமோ செய்மதிப் படங்கள் இருக்கின்றன. எந்தப் பள்ளத்தாக்கில் புல் முளைத்திருக்கின்றது என்பதையும் அவை காட்டுகின்றன. கனவை நம்பி ஏழாண்டு உழைத்தவர்கள் அவர்கள். படத்தைப் பார்த்த பின்னரும் கூட்டம் கூட்டிக் கலைபவர்கள் நாம்.

2018இல் மே மாதத்திலும் ஒக்டோபரிலும் இரு சூறாவளிகள் அரபுத் தீபகற்பத்தின் 'ருப்உல் காலீ' பெருமணற்பரப்பில் மழையைக் கொட்டின. மனித நடமாட்டமற்ற அம்மணலில் மூன்று தலைமுறை வெட்டுக்கிளிகள் எவர் கண்ணிலும் படாமல் பெருகின. அடுத்து அவை யெமனை அடைந்தபோது அங்கு போர். வயலுக்கு மருந்தடிக்க யார் செல்வார்? 2019இல் கடல் கடந்து சோமாலியாவுக்கும் எதியோப்பியாவுக்கும், ஆண்டிறுதியில் கென்யாவுக்கும் சென்றன. கென்யா எழுபது ஆண்டுகளில் கண்டிராத பெருக்கம் அது. 2020 ஜனவரியில் ஸ்தாபனம் 76 மில்லியன் டொலர் கோரியது. இரு மாதங்களில் கொரோனா உலகின் கதவுகளை மூடியது. ஆனாலும், இம்முறை உதவி சற்று விரைவாக வந்ததை மறைக்கக் கூடாது. சோமாலியாவில் பூச்சியை மாத்திரம் கொல்லும் ஒருவகைப் பூஞ்சணத்தையும் பயன்படுத்தினார்கள்.

அதே 2020இல் குருநாகல், மாவத்தகமப் பகுதியில் மஞ்சட்புள்ளி வெட்டுக்கிளிகள் தென்பட்டபோது நம் நாட்டில் எத்தனை பதற்றம்! அது வேறு இனம், பாலைவன வெட்டுக்கிளி அல்ல என்று அதிகாரிகள் விளக்க வேண்டியிருந்தது. கென்யாவின் வயல்களைப் பற்றி அதுவரை ஒரு வார்த்தை பேசாதவர்களும் அன்று கைத்தொலைபேசியில் படம் அனுப்பினார்கள். நானும் அனுப்பினேன்.

வெட்டுக்கிளியை உண்பது ஹலாலானதுதானே, பிடித்து உண்டால் தீர்ந்துவிடாதா என்று ஒரு சகோதரர் என்னிடம் வினவினார். ஸஹாபாக்கள் நபியவர்களுடன் சென்ற போர்ப்பயணங்களில் அதை உண்டதாக ஸஹீஹான ஹதீஸ் உண்டு. எனினும், நஞ்சு தெளிக்கப்பட்ட பூச்சியை உண்ணலாகாது. கோடிக்கணக்கில் வருவதை உண்டு முடிக்கவும் இயலாது.

ஹிஜ்ரி 18இல், 'ஆமுர் ரமாதா' எனப்படும் சாம்பல் ஆண்டில், கலீபா உமர் (ரழி) அவர்கள் மக்களுக்குக் கிடைக்கும் வரை நெய்யையும் இறைச்சியையும் தமக்குத் தடுத்துக்கொண்டார்கள். அத்தோடு அம்ரிப்னுல் ஆஸ் (ரழி) அவர்களுக்குக் கடிதம் எழுதித் தானியமும் வரவழைத்தார்கள்.

2005இன் நடுப்பகுதியில் எங்கள் உஸ்தாத் ஒருவர் விடுதியின் சாப்பாட்டு மண்டப வாசலில் ஒரு பிஸ்கட் தகரத்தை வைத்து, மூடியில் துளையிட்டு, 'நைஜர்' என எழுதி ஒட்டினார். சுனாமி அரிசி உண்ட பிள்ளைகள் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் போட்டார்கள். அந்நாடு எங்கே இருக்கின்றது என்று ஒருவர் கேட்டதற்கு, உஸ்தாத் உலக வரைபடத்தை எடுத்து வந்து மேசையில் விரித்தார். அன்று அஸருக்கு பாங்கு சொல்லும் வரை நாங்கள் அதைச் சுற்றியே நின்றோம்.