கையொப்பமிட மறுத்தவர்



வேலைக்குச் சென்றுள்ள பிள்ளைகள் விடுமுறையில் ஊர் திரும்பும்போது சொல்லும் குறைகளுள் சம்பளத்தைப் பற்றியவை சில. மேலதிகாரியைப் பற்றியவையே பல. "அவருக்கு வேலை தெரியவில்லை, ஆனால் அவர் சொல்வதைத்தான் செய்யவேண்டியிருக்கிறது." பெற்றோர் கூறும் விடையும் பழகியதே: "அனுசரித்துப் போ." எதுவரை அனுசரிப்பது என்பதை மட்டும் எவரும் சொல்வதில்லை. பதிவேட்டில் எந்த மையால் எழுதுவது என்று மேலதிகாரி பிடிவாதம் பிடித்தால் விட்டுக்கொடுப்பதில் இழுக்கில்லை. பிறர் உயிர் அடங்கிய காரியத்தில் அவ்வாறு இயலுமா?

1986 சனவரி 27 இரவு, அமெரிக்காவில் இவ்வினா எழுந்தது. மறுநாள் காலை சேலஞ்சர் விண்கலம் ஏவப்படவிருந்தது. அதன் உந்துகலங்களைச் செய்த மார்ட்டன் தியோகால் நிறுவனத்தின் பொறியாளர்கள், கடுங்குளிரில் அவற்றின் இணைப்புகளிலுள்ள ரப்பர் வளையங்கள் இறுகிவிடும் என அஞ்சினர். ரோஜர் பாய்ஸ்ஜோலி என்பவர் ஆறு மாதங்களுக்கு முன்பே, உயிரிழப்பு நேரலாம் என்று எழுத்துமூலம் எச்சரித்திருந்தார். வெப்பநிலை ஏறத்தாழ 12 டிகிரி செல்சியசுக்குக் கீழிருந்தால் ஏவலாகாது என்பது பொறியாளர்களின் முடிவு.

அவர்கள் தரப்பிலும் குறை இருந்ததை மறைப்பதற்கில்லை. அவசரத்தில் திரட்டிய அட்டவணைகள் ஐயத்தை எழுப்பினவேயன்றி ஐயந்திரிபற நிறுவவில்லை. வெப்பமான நாளிலும் ஒருமுறை வளையம் பழுதுற்றிருந்தது. அறிந்தவர் தாம் அறிந்ததைப் பிறர் உணரச் சொல்ல இயலாமற் போவதும் பணியிடங்களில் நிகழ்வதே.

நாசா அதிகாரிகள் தொலைபேசியில் எதிர்ப்புத் தெரிவித்தனர். நிறுவனத்தார் சிறிது அவகாசம் கேட்டுத் தமக்குள் கூடினர். பொறியியல் பிரிவின் துணைத் தலைவர் லண்ட் தயங்கினார். பொறியாளராக அன்றி நிர்வாகியாகச் சிந்திக்குமாறு அவருடைய மேலதிகாரி பணித்தார். லண்ட் இசைந்தார். அவர் கல்லாதவர் அல்லர். கற்றதைக் கழற்றி வைக்கச் சொன்னபோது கழற்றி வைத்தார், அவ்வளவே. திறமையின்மை பல நேரங்களில் இவ்வாறுதான் உண்டாகிறது.

ஏவுதளத்தில் நிறுவனத்தின் மூத்த அலுவலராக இருந்தவர் ஆலன் மெக்டொனால்டு. ஏவலாம் என்னும் பரிந்துரையில் கையொப்பமிட அவர் மறுத்தார். கூச்சலிடவில்லை, எவரையும் இகழவில்லை. வளையத்தின் குளிர், கடற்கொந்தளிப்பு, ஏவுமேடையில் உறைந்த பனிக்கட்டி என மூன்று காரணங்களை எடுத்துரைத்தார். அவருக்குப் பதிலாக வேறொருவர் கையொப்பமிட்டு அனுப்பினார்.

மறுநாள் 73 வினாடிகளில் விண்கலம் சிதைந்தது. எழுவர் மாண்டனர்; அவர்களுள் ஒருவர் பள்ளி ஆசிரியை கிறிஸ்டா மெக்காலிஃப்.

விசாரணைக் குழுவின்முன் மெக்டொனால்டு உண்மையைச் சொன்னார். அதன்பின் நிறுவனம் அவரைப் பொறுப்பிலிருந்து அகற்றியது. அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் வெகுண்டெழவே, அவர் மீண்டும் பொறுப்பேற்று, பழுதான அந்த இணைப்பைத் திருத்தியமைக்கும் பணிக்குத் தலைமை தாங்கினார். 1988 செப்டம்பரில் அடுத்த விண்கலம் பழுதின்றிச் சென்றது.

பாய்ஸ்ஜோலிக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. உடன் பணியாற்றியோரே முகம் திருப்பிக்கொண்டனர். உடல்நலம் குன்றி வேலையை விட்டு விலகினார். பின்னாளில் பல்கலைக்கழகங்களுக்குச் சென்று, அன்றிரவு நிகழ்ந்ததை மாணவர்களுக்கு எடுத்துரைத்து வந்தார்.